ஓட்டுச் சந்துக் குடித்தனம்

(பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஊர் நூலகத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கமுங்க. "வவ்வால் வீட்டுக்கு வவ்வால் வந்தா நீயும் தொங்கு, நானும் தொங்கு"ன்னு சொல்லுவோம். நான் பேச வந்த வவ்வால் அந்தப் பழமொழிக்கு அடங்காதுங்க. ரெண்டு ஓட்டுக்கு நடுவுல, வெரல் நுழையாத சந்துல, பல்லியாட்டம் வயித்தை ஒட்டிப் படுத்துக்கும்.

ஆலமரத்துல கூட்டமாத் தொங்கறது பழந்தின்னி, அது வேற. இது பூச்சிதின்னி. பேரினத்தோட பேரு பிப்பிஸ்ட்ரெல்லஸ்; 1829-ல காவுப்ங்கற ஜெர்மானியர் வெச்சது. இத்தாலிக்காரங்க வவ்வாலைச் சொல்ற சொல்லுதான் அது.

சின்ன வயசுல, தாராபுரத்துப் பக்கம் அம்மிச்சி (அம்மாவோட அம்மா) இருந்த சாளை வீட்டுல ஒரு நாள் பொழுதோட ஒண்ணு கீழ விழுந்து கெடந்துச்சு. தீப்பெட்டிக்குள்ள அடங்கிப்போற உருவம். இதுல குட்டி வகைக்கு எடையே 2-லிருந்து 4 கிராம்தான். அம்மிச்சி கையால தொடவிடலை. முறத்துல ஏத்திச் சுவத்துல சாய்ச்சு வெச்சாங்க. றெக்கை மடிப்புல இருக்கற கட்டைவெரல் நகத்தைக் கொக்கியாட்டம் மாட்டி மாட்டி ஏறுச்சு பாருங்க, ஒரு ஆள் ஒசரம் போனதும் பொத்துனு விட்டுப் பறந்துருச்சு.

உங்க வீட்டுல இருக்குதான்னு பாக்கணுமா? சுவத்தோரம் கெடக்கற புழுக்கையை ஒரு குச்சியால நசுக்கிப் பாருங்க. எலிப் புழுக்கை காஞ்சா கெட்டி. இது பொடிப்பொடியா உதுரும். உள்ள பூச்சியோட றெக்கைத் துணுக்கு மினுக்கும்.

சத்தம் போட்டுத்தான் எரை தேடுதுங்க, நமக்குக் கேக்காது. நம்ம காது 20 கிலோஹெர்ட்ஸோட, அதாவது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வோட, நின்னுரும்; இதுக குரல் அதுக்கும் மேல. தேடறப்ப நொடிக்குப் பத்துத் தடவை மாதிரி கத்தும். பூச்சியை நெருங்க நெருங்க அது இருநூறு வரைக்கும் எகிறும். வாயில கவ்வறது மட்டுமில்லீங்க, வால் சவ்வைச் சொளகாட்டம் மடிச்சும் வாரிக்கும். ஐரோப்பாவுல ரொம்ப நாளா ஒரே இனம்னு நெனைச்சிருந்ததை 1990-களில் குரலை வெச்சே ரெண்டாப் பிரிச்சாங்க: ஒண்ணு 45 கிலோஹெர்ட்ஸ், இன்னொண்ணு 55.

"அப்ப தென்னையைக் குடையற காண்டாமிருக வண்டைத் தின்னுருமா?"ன்னு கேட்டுராதீங்க. அந்த வண்டும் நம்ம குட்டி வவ்வாலும் கிட்டத்தட்ட ஒரே நீளம்! கொசு, சின்ன அந்து, பொடி வண்டு, இதுதான் அதுக்குச் சாப்பாடு. ஆகாததையெல்லாம் அதுக தலையில கட்டிப் புகழறது எனக்குப் புடிக்காதுங்க.

பேசி முடிக்கறதுக்குள்ள முன்வரிசையில ஒரு அம்மா கேட்டுட்டாங்க: "ஓட்டைப் பிரிச்சு மொட்டை மாடி போட்டா இதுக எங்கீங்க போகும்?" எங்க அம்மிச்சி வீடும் இப்ப கான்கிரீட்தானுங்க. மீட்டர் பெட்டிக்குப் பின்னால பூந்துக்கிச்சு. ரீடிங் எடுக்க வர்றவருதான் கொஞ்சம் மொறைக்கறாரு.