கட்டியக்காரன் ஊர் ஊராகப் போகிறான்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருக்கூத்தில் கட்டியக்காரன் வேடம் கட்டுகிறவன் என்ற முறையில் என்னை இன்று வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கத்து நேயர்களுக்குக் கட்டியக்காரன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். துரியோதனனோ கர்ணனோ தோளில் புஜகீர்த்தியும் தலையில் கிரீடமும் தாங்கித் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது, "யார் ஐயா அங்கே?" என்று கேட்டு அவர்களைச் சபைக்கு அறிமுகம் செய்பவன் கட்டியக்காரன். ராஜா களரிக்கு, அதாவது கூத்தாடும் இடத்துக்கு, வந்த பிறகு அவனே சேவகன், அவனே மந்திரி, தேவைப்பட்டால் தூதன், சோதிடன், வாயில்காப்போன். இத்தனைக்கும் நடுவில் ஊரைச் சிரிக்க வைப்பதும் அவன் பொறுப்புதான். அந்தப் பொறுப்பைப் பற்றியும், அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவதைப் பற்றியும் மட்டுமே இன்று பேசப் போகிறேன்.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, வீடு என்பது மறந்துபோகும். குழுவை நடத்தும் வாத்தியார் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வாங்கி நாள் குறித்துவிடுவார். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று ஒரே ஊரில் பல நாள் தங்குவோம். இல்லையென்றால் விடியற்காலையில் ஒப்பனையைக் கலைத்துவிட்டு, வேடப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு, அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் போய்ப் படுப்போம். இந்தத் தூக்கமின்மையைப் பற்றியும் முகத்தில் அரிதாரம் உண்டாக்கும் எரிச்சலைப் பற்றியும் கூத்தாடிகள் எல்லோரும் சொல்லுவார்கள். அதனால் நான் அதில் நிற்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. துரியோதனன் வேடக்காரர் தம்முடைய விருத்தத்தையும் அடவையும் பெட்டியோடு சேர்த்து எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். நேற்று இரவு பாடிய பாட்டை இன்று இரவும் அதே சுருதியில் பாடினால், நேற்றுக் கிடைத்த கைதட்டல் இன்றும் கிடைக்கும். கட்டியக்காரனுக்கு அந்த வசதி இல்லை. நேற்று ஓர் ஊரையே உருட்டிப் போட்ட வசனத்தை இன்று பக்கத்து ஊரில் எடுத்து விட்டால், முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிரிப்பு அந்தந்த ஊரில்தான் விளைகிறது. இதை நான் மறுபடியும் மறுபடியும் சொல்லுவேன், நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பகலில் ஜமா தூங்கும்போது கட்டியக்காரன் தூங்கக் கூடாது என்பது என் கொள்கை. டீக்கடை பெஞ்சில் உட்கார வேண்டும். ரேஷன் கடை வரிசைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கோயில் திண்ணையில் ஆடுபுலி ஆடுகிறவர்களிடம் அந்த ஊர்ப் பெரிய மனிதர் யார், அவருக்குக் கோபம் வருமா, ஊருக்கு இப்போது என்ன குறை என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் கேள்வி கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். நாம் ஏதாவது ஒன்றைத் தவறாகச் சொன்னால் போதும், திருத்துவதற்காகவே முழுக் கதையையும் சொல்லிவிடுவார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் ஊரில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டிப் பல காலம் ஆகிறது, ஆனால் மோட்டார் பழுது. இது எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் எரிச்சல், ஆனால் யாரும் சபையில் சொல்வதில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு ராஜா கொலுவுக்கு வந்து வழக்கம்போல, "மந்திரி, நமது நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்கிறார். கட்டியக்காரன் குனிந்து வாய்பொத்திப் பதில் சொல்கிறான்: "பொழிகிறது மகாராஜா. தொட்டி கட்டியாயிற்று, குழாயும் போட்டாயிற்று. நடுவில் இருந்த மோட்டாரைத்தான் பஞ்ச பாண்டவரோடு சேர்த்து வனவாசம் அனுப்பிவிட்டோம்." இதற்கு அந்த ஊர் சிரித்த சிரிப்பில் மிருதங்கக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். எல்லோரும் முதலில் ஊராட்சித் தலைவரைத்தான் பார்த்தார்கள். அவரே துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த பிறகு ஊர் முழுவதும் துணிந்து சிரித்தது. தண்ணீர் ஒழுங்காக வருகிற ஊரில் இதே வசனத்துக்கு ஒரு பல்கூடத் தெரியாது.

கேலிக்கு எல்லையும் உண்டு. சாதியைத் தொடக் கூடாது, ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசக் கூடாது, உடற்குறை உள்ளவரைக் காட்டிச் சிரிக்க வைக்கக் கூடாது. இப்போது சிலர் இரட்டை அர்த்த வசனத்தில் இறங்குகிறார்கள் என்ற குறை பரவலாக இருக்கிறது, அது நியாயமான குறைதான். என்னைக் கேட்டால், அவர்கள் பகலில் ஊரைச் சுற்றாமல் படுத்துத் தூங்கியவர்கள். கையில் சரக்கு இல்லாதவன்தான் அந்தப் பக்கம் போகிறான்.

நேயர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒன்று உண்டு: துக்க வீட்டில் கோமாளிக்கு என்ன வேலை? எங்கள் பகுதியில் ஒருவர் நிறைந்த வயதில் காலமானால், காரியத்தை ஒட்டிய இரவில் கர்ண மோட்சம் கூத்து வைப்பது வழக்கம். கர்ணனுக்குக் கிடைத்த மோட்சம் அவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. அங்கேயும் கட்டியக்காரன் உண்டு, அங்கேயும் அவன் சிரிக்க வைக்க வேண்டும். என் தொழிலில் இதைவிடக் கடினமான இரவு வேறில்லை.

அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். இறந்தவர் ஊருக்கு நல்லவர், கேட்டவருக்கு விதைநெல் முதல் வைக்கோல் வரை கொடுத்தவர், ஆனால் தம்முடைய பழைய சைக்கிளை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டார். அதன் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருப்பார் என்று பேரப்பிள்ளை ஒருவன் சொன்னான். சைக்கிள் அப்போதும் மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி நின்றுகொண்டிருந்தது. நான் மூத்த பிள்ளையிடம் தனியாகப் போய், இதைச் சபையில் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லுங்கள், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்" என்றார்.

நள்ளிரவுக்கு மேல் கர்ணன் தன் கொடைச் சிறப்பைப் பாடி முடித்துக் களரியில் நிற்கிறார். கட்டியக்காரன் அருகில் போய்ச் சொல்கிறான்: "கர்ண மகாராஜா, பிறக்கும்போதே உடம்போடு ஒட்டி வந்த கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்தவர் தாங்கள். ஆனால் தங்களுக்கு ஈடாக இந்த ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். எதைக் கேட்டாலும் கொடுப்பார், சைக்கிளைத் தவிர." முதலில் சிரித்தவர் மொட்டைத் தலையோடு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த மூத்த பிள்ளைதான். பிறகு பங்காளிகள், பிறகு வாசற்படியில் இருந்த பெண்கள். கடைசியாக இறந்தவரின் மனைவியான அந்த அம்மாவும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஆர்மோனியக்காரர் அனுபவசாலி. அடுத்த பாட்டை எடுக்காமல், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் தானாக அடங்கும் வரை காத்திருந்தார்.

அதற்குப் பிறகு கண்ணன் அந்தணர் வேடத்தில் வந்து, உயிர் பிரியாமல் தவிக்கும் கர்ணனிடம் அவன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறான், கர்ணன் தன் இரத்தத்தாலேயே தாரை வார்த்துக் கொடுக்கிறான். அந்தக் கட்டத்தில் அந்த வீட்டார் அழுத அழுகையை அதற்கு முன் நான் எந்தக் களரியிலும் கேட்டதில்லை. அப்போது எனக்கு வேலை இல்லை, ஓரமாக நின்றேன். துகில் உரிதல் இரவிலும் அப்படித்தான். துச்சாதனன் புடவையைத் தொடும் நேரத்தில் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிடுவார்கள். அங்கே நகைச்சுவை கிடையாது.

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் காட்டுகிறார்கள், சைக்கிள் கதையில் நேரம் போய்விட்டது. மழைக்காலத்தில் நாங்கள் என்ன தொழில் செய்து பிழைக்கிறோம் என்று விரிவாகச் சொல்லக் குறிப்பு வைத்திருந்தேன். வயல் வேலை, கட்டட வேலை என்று மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன். இன்னொன்று நகரத்து மேடை. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற பெரியவர்களாலும், நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவாலும் நகரத்தார் கூத்தை மதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள், அது பெரிய காரியம். ஆனால் விடிய விடிய நடக்கும் கூத்தை அரங்கத்துக்காக ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கும்போது முதலில் கத்தரி விழுவது பெரும்பாலும் கட்டியக்காரன் பேச்சின் மேல்தான், ஏனென்றால் அதை எழுதி வைத்த ஏடு இல்லை. அப்படி அழைக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அரங்கம் இருக்கும் தெருவில் ஒரு பிற்பகல் என்னைச் சுற்றி வர விடுங்கள், அதன் பிறகு பத்து நிமிடம் கொடுத்தாலும் போதும்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.