அந்த உசாத்துணையைத் திறந்து பார்த்தீர்களா?

வணக்கம் நேயர்களே. கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும், ஆஸ்பத்திரி வேலையோடு ஆய்வும் செய்யும் டொக்டர்மாரும் தாதியரும் கொஞ்சம் காது கொடுங்கள். ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வை, அதாவது முன்னைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதியை, செயற்கை நுண்ணறிவிடம் எழுதக் கொடுப்பது பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஆவரசம்பூவையே எடுப்போம். அது சீனி வருத்தத்துக்கு உதவுமா என்று சட்ஜிபிடியிடம் கேட்டால், பதிலோடு உசாத்துணைகளும், அதாவது ஆதாரமான கட்டுரைகளின் விபரமும், வரும். அவற்றில் சில எங்குமே இல்லாதவையாக இருக்கலாம். பார்த்தவுடன் பிடிபடாது. ஆசிரியர் உண்மையான ஆள், இதழும் உண்மை, வருடமும் தொகுதி எண்ணும் பொருந்தும். ஆனால் அப்படியொரு கட்டுரையை அவர் எழுதியே இருக்க மாட்டார். அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கோத்துக்கொண்டு போவதுதான் சட்ஜிபிடியின் வேலை. உசாத்துணை எப்படி இருக்கும் என்பது அதற்குத் தண்ணீர்பட்ட பாடு. இணையத்தில் தேடிப் பதில் தருபவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே கட்டுரை இருக்கும், கட்டுரை சொல்லாததைக் கருவி அதன் தலையில் கட்டிவிடும்.

தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளமான பப்மெட்டில் தேடுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள, 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணையும் போட்டுப் பாருங்கள். வேறு கட்டுரை திறந்தால் அந்த உசாத்துணையை வெட்டிவிடுங்கள். கட்டுரை பின்னர் மீளப்பெறப்பட்டிருந்தால் பப்மெட் பக்கத்திலேயே அறிவித்தல் இருக்கும்.

இந்தக் கருவி உண்மையில் கைகொடுப்பது தேடுசொல் சேர்ப்பதில். ஆவரசின் இன்றைய தாவரப் பெயர் சென்னா ஓரிகுலாட்டா. பழைய கட்டுரைகளில் அது கசியா ஓரிகுலாட்டா. சிங்களத்தில் ரணவரா. ஒரு பெயரை மட்டும் போட்டால் மற்றப் பெயரில் வந்தவை கைநழுவிப் போகும். பெயர்கள் எல்லாவற்றையும் இடையிடையே 'OR' போட்டு ஒரு அடைப்புக்குறிக்குள்ளும், நோயின் சொற்களை இன்னொன்றுக்குள்ளும் வைத்து, நடுவே 'AND' போடுங்கள். மெஷ் சொல், அதாவது பப்மெட்டின் பொருள் தலைப்புச் சொல், என்று அது தருவதை மெஷ் பட்டியலிலேயே பாருங்கள், இல்லாததையும் தரும்.

தேடலைப் பப்மெட்டில் நீங்களே ஓட்டுங்கள். தேடல் வரியையும் திகதியையும் கிடைத்த எண்ணிக்கையையும் கொப்பியில் குறியுங்கள். முறைசார் மீளாய்வை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லும் வழிகாட்டியான பிரிஸ்மா 2020 முழுத் தேடல் வரியையும் கேட்கிறது. இன்று கேட்ட கேள்விக்கு நாளை வேறு பதில் தரும் உரையாடலை அங்கே காட்ட முடியாது.

சுருக்கம் எழுதும்போதுதான் பெரிய பிழை நுழைகிறது. சிங்கப்பூர் மருத்துவ இதழில் 2002இல் ஆவரசம்பூச் சாறு பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற இரசாயனத்தை ஏற்றிச் சீனி வருத்தம் வரவழைத்த எலிகளுக்கு, உடல்நிறையில் கிலோவுக்கு 0.45 கிராம் வரை, 30 நாட்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு. 'ஆவரசம்பூ சீனியைக் குறைக்கிறது' என்று கருவி சுருக்கினால் எலி காணாமல் போய்விடும். ஆகவே சுருக்கம் கேட்காதீர்கள். முழுக் கட்டுரையையும் கொடுத்து, எந்த உயிரினம், எத்தனை, எவ்வளவு மருந்து, எத்தனை நாள், ஒப்பீட்டுக் குழு எது என்று அட்டவணை கேளுங்கள், பக்க எண்ணோடு. பிறகு அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

கிளினிக் கொப்பியைப் படமெடுத்து இவற்றில் ஏற்றவே கூடாது. பெயரை மறைத்தாலும் ஊரும் வயதும் நோயும் சேர்ந்தால் ஆளைத் தெரிந்துவிடும், அதுவும் நம்மைப் போன்ற சின்ன ஊரில்.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: செயற்கை நுண்ணறிவை ஆசிரியராகப் போட முடியாது. எழுத உதவியிருந்தால் நன்றியுரையிலும், தரவுப் பகுப்பாய்வுக்கோ படத்துக்கோ பயன்பட்டிருந்தால் ஆய்வுமுறைப் பகுதியிலும் எழுதுங்கள்.