மூச்சுல ஆடுற சாமி: திருவாரூர்ல இருந்து தில்லை வரைக்கும்

[காட்சி: கமலாலயக் குளம், விடியற்காலை]

"கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலி, ஓடை அஞ்சு வேலி"ன்னு திருவாரூரைச் சொல்வாங்க. வேலிங்கிறது பழைய நில அளவு. அவ்வளவு பெரிய கோயில்ல, தியாகராஜர்ங்கிற பேர்ல இருக்கிற சிவனோட முகம் மட்டும்தான் கண்ணுக்குக் கிடைக்கும். பாத தரிசனம் மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான்.

[காட்சி: புறப்பாடு, கோட்டோவியமாக]

சாமி புறப்படுறப்ப கவனிங்க. நேரா நடந்து வர மாட்டார். தூக்குறவங்க ஏத்தி இறக்கி, அசைச்சு அசைச்சுத்தான் கொண்டு வருவாங்க. இதுக்குப் பேரு அஜபா நடனம். திருமால் பாற்கடல்ல படுத்துக்கிட்டு, இந்த மூர்த்தியை நெஞ்சுல வெச்சுப் பூஜிச்சாராம். மூச்சு இழுத்தா நெஞ்சு ஏறும், விட்டா இறங்கும். அந்த ஏத்த இறக்கம்தான் ஆட்டம்.

அஜபான்னா வாயால ஜபிக்காத ஜபம். மூச்சு 'ஹம்'னு வெளியே போகுது, 'ஸ'ன்னு உள்ளே வருது. நாம தூங்கினாலும் அது பாட்டுக்கு நடக்குது. யோக நூல்கள் சொல்ற கணக்கு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. வகுத்துப் பார்த்தா நிமிஷத்துக்கு 15. எண்ணிப் பாருங்களேன்! எண்ண ஆரம்பிச்ச உடனே மூச்சோட போக்கே மாறிடும். தியானத்துக்கு உட்கார்ந்த யாருக்கும் இந்த அவஸ்தை தெரியும்.

[காட்சி: தில்லைப் பொன்னம்பலக் கூரை]

கொள்ளிடம் தாண்டி சிதம்பரம், அதோட பழைய பேருதான் தில்லை. இந்தக் கூரையில பொன் ஓடு 21,600, ஆணி 72,000னு சொல்றது மரபு. ஓடு ஒரு நாள் மூச்சோட கணக்கு, ஆணி உடம்புல இருக்கிறதா யோகம் சொல்ற நாடிகளோட கணக்கு! அடியில நடராஜர், உருவம். ஸ்படிக லிங்கம், அருவுருவம், அதாவது பாதி உருவம் பாதி அருவம். பக்கத்துல ஒரு திரை. விலக்கினா தங்க வில்வ மாலை தொங்கும், பின்னால சிலை எதுவும் கிடையாது. அதுதான் அருவம், ஆகாசம். இதைத்தான் சிதம்பர ரகசியம்பாங்க. ரகசியம்னதும் புதையல் அளவுக்குக் கற்பனை பண்றவங்க நிறைய. வெறும் வெளியைக் கும்பிட வைக்கிறதைவிடப் பெரிய ரகசியம் என்ன வேணும்?

[காட்சி: திருவாவடுதுறை]

இந்த மூச்சைப் பழகுற முறையைத் திருமூலர் திருமந்திரத்தோட மூணாம் தந்திரத்துல, அதாவது மூணாம் பகுதியில வெச்சிருக்கார். அவர் இருந்தது இந்த ஊர்லதான்னு பெரியபுராணம் சொல்லுது. உள்ளே இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, விட 32. மாத்திரைன்னா இங்க கால அளவு. யூடியூப் பார்த்துட்டு 64 மாத்திரை அடக்கிப் பார்க்காதீங்க, தலை சுத்தும். குரு இல்லாம வேண்டாம்.

[காட்சி: கருந்திரை, நடுவில் ஒரு சொல்: தாடலை]

சரி, மூச்சு அடங்கி மனசும் அடங்கினா என்ன ஆகும்? 'ஹம்ஸ'வையே விடாம சொன்னா 'ஸோஹம்'னு கேட்கும், 'அவனே நான்'. உயிரும் கடவுளும் ஒண்ணுங்கிற வேதாந்தி அதை அப்படியே எடுத்துக்குவார். சைவ சித்தாந்தி தயங்குவார். உயிர் சிவமா ஆயிடாது, ஆனா பிரிஞ்சும் நிக்காதும்பார். அதெப்படி?

தில்லையில வாழ்ந்த சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம், தன்னோட திருவருட்பயன்ங்கிற நூல்ல ஒரே சொல்லால காட்டினார். தாள், அது இறைவனோட பாதம். தலை, அது நம்மளோடது. ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க: தாடலை. 'ள்'ளையும் காணோம், 'த'வையும் காணோம், நடுவுல ஒரு 'ட' நிக்குது. ஆனா தாளும் தலையும் எங்கயும் போயிடலை.