பாதித் தண்ணீரில் திரும்பினோம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரம். ஊருக்கு நடுவிலேயே கேமல்பேக் என்று ஒரு பாறை மலை. ஒட்டகம் ஒன்று கால்மடக்கிப் படுத்திருப்பது போலவே தெரியும், அதனால்தான் அந்தப் பெயர். உயரம் 824 மீட்டர். சுற்றிலும் சொனோரன் பாலைவனம். போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும் அதில் ஏறக் கிளம்பினோம். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் மாமனாரும் கூட வந்தார்.

எக்கோ கேன்யன் பாதையில் போனோம். உச்சிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் அதற்குள் 400 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். செங்குத்தான இடங்களில் பாறையில் இரும்புக் கம்பி நட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து ஏற வேண்டும். மகளுக்கு அதுதான் திருவிழா.

ஒட்டகத்தின் தலைப்பகுதி செந்நிறப் படிவுப் பாறை, சில கோடி ஆண்டு வயதுதான். திமில் கிரானைட், ஏறத்தாழ 150 கோடி ஆண்டுப் பழசு. தலையடியில் தொடங்கித் திமிலுக்கு ஏறும்போது காலுக்கடியில் கல்லே மாறுகிறது. தாத்தாவும் பேத்தியும் குனிந்து இரண்டையும் தடவிப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன்.

வழியெல்லாம் சவாரோ கள்ளிகள். அவற்றுக்கு முதல் கிளை வரவே ஐம்பது, எழுபது ஆண்டு ஆகும். சோய்யா என்று இன்னொரு கள்ளி உண்டு, லேசாக உரசினாலே அதன் முள்ளுருண்டை தோலோடு ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். அதற்கென்று ஒரு சீப்பு எடுத்துப் போக வேண்டும். சீப்பை அடியில் கொடுத்துத் தட்டிவிட்டால் போய்விடும். மகளின் காலுறையிலிருந்து இரண்டு உருண்டையை அப்படித்தான் எடுத்தோம்.

பாதி வழி தாண்டியிருப்போம். மாமனார் சொன்னார், "மாப்ள, இவ்வளவு ஏறியும் வேர்க்கவே இல்ல பாத்தீங்களா!" எனக்குப் பகீரென்றது. வேர்க்காமல் இல்லை. கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை உடம்பில் நிற்கும், சட்டை நனையும். இங்கே காற்று அவ்வளவு வறண்டது, வேர்வை வந்த கணமே ஆவியாகிவிடும். தொப்பியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், விளிம்பெல்லாம் வெள்ளையாய் உப்பு. அவருடைய பாட்டிலிலோ தண்ணீர் பாதிக்குக் கீழே.

கொண்டுவந்த தண்ணீரில் பாதி தீர்ந்தால், எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். இங்கே மலை ஏறுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் விதி இது. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம்தானேப்பா" என்று மகள் அழுதாள். திரும்பினோம்.

ஜனவரியில் இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று நினைப்பீர்கள். ஜூலையில் இங்கே பகல் வெப்பம் சராசரியாக 41 டிகிரி. 2021 கோடையில், மலையில் சிக்கியவர்களை மீட்கப் போன தீயணைப்பு வீரர்களே வெயிலில் உடல் தளர்ந்து போனார்கள். அந்த ஆண்டிலிருந்துதான், கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் மாநகராட்சி பகல் நேரத்தில் இந்தப் பாதையை மூடுகிறது. நாம் மேலே மயங்கி விழுந்தால், நம்மைச் சுமந்து இறங்குவது இன்னொரு வீட்டுப் பிள்ளை. அதை நினைத்தால் உச்சியை விட்டுவிட்டுத் திரும்புவது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. மாமனார் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார், பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே வந்து சேர்ந்தபோது நாலு பாட்டிலும் காலி. ஒரு சொட்டு மிச்சமில்லை.

டிசம்பரில் மாமனார் மறுபடி வருகிறார். இந்த முறை ஆளுக்கு மூன்று லிட்டர், விடியும்போதே கிளம்புகிறோம். சீப்பை மகள் இப்போதே தன் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

வணக்கம்.