மூச்சோடு நகரும் கட்டி

நேயர்களுக்கு வணக்கம். "நாலாவது ஸ்டேஜ்னு சொல்லிட்டாங்க டாக்டர், இனிமே கரண்ட் வச்சு என்ன ஆகப்போகுது?" நுரையீரல் புற்றுநோயாளிகளின் வீட்டார் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான். கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையில், கதிரை எங்கே, எதற்காக வைக்கிறோம் என்பதில் இருக்கிறது பதில்.

நுரையீரலில் குறிவைப்பது லேசான காரியமில்லை. மூச்சை இழுத்து விடும்போது கட்டியும் ஏறி இறங்கும்; கீழ்ப்பகுதிக் கட்டி சிலருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே நகரும். அதனால் மூச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி எங்கே நிற்கிறது என்று முதலில் ஸ்கேனில் பார்த்துக்கொள்வோம். சிகிச்சையன்று நோயாளி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வைத்துப் படுத்திருப்பார். மார்புத் தோலில் கடுகளவு பச்சைப் புள்ளிகள் குத்தியிருக்கும். லேசர் கோடு சரியாக அவற்றின்மேல் விழ வேண்டும். அங்கேயே இன்னொரு ஸ்கேன் எடுத்து, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி, அதற்கப்புறம்தான் கதிர். வலியும் தெரியாது, சூடும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது.

மூன்றாம் நிலையில், அறுவைக்கு வழியில்லை என்றால், வழக்கமாக நாளுக்கு 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வீதம் 30 தடவை, கூடவே கீமோ. நோக்கம் குணப்படுத்துவதுதான். நோய் மற்ற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட நான்காம் நிலையில் கணக்கு வேறு. எலும்பில் பரவி வலிக்கிறதா? 8 கிரே, ஒரே தடவை. பலருக்கு வலி குறைந்துவிடும்.

இழுபறியான இடம் ஒன்று உண்டு. நோய் பரவியிருக்கிறது, ஆனால் இரண்டு மூன்று இடங்களில் மட்டும். மருந்து கொடுத்த பிறகு, மிச்சமிருக்கும் கட்டிகளைக் கதிராலோ அறுவையாலோ தீர்த்துக்கட்டினால்? 2016-இல் வெளிவந்த ஆய்வில், அப்படிச் செய்தவர்களுக்கு நோய் முன்னேறாமல் நின்ற காலம் சுமார் 12 மாதம். மற்றவர்களுக்குச் சுமார் 4. ஆனால் அதில் இருந்தவர்கள் வெறும் 49 பேர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் வந்த பிறகு நடந்த பெரிய ஆய்வில் அந்த லாபம் தென்படவில்லை. எனவே எல்லாருக்கும் இதை நான் சிபாரிசு செய்வதில்லை. ஆளைப் பார்த்து, ஸ்கேனைப் பார்த்துத்தான்.

பக்கவிளைவில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், மூச்சுத்திணறல், லேசான காய்ச்சல் வந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள். கதிர் பட்ட நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அது ஆன்டிபயாட்டிக்கில் அடங்காது, ஸ்டீராய்டு தேவைப்படும். எந்த டாக்டரிடம் போனாலும் கரண்ட் வைத்த விவரத்தை முதலில் சொல்லிவிடுங்கள். வணக்கம்.