மூணு குல்லா, மூணு "தெரியல"

வணக்கம் மக்களே! குன்னூர் ஸ்டேஷன்ல நிக்கிறேன், பின்னாடி மலை ரயில். மேட்டுப்பாளையத்துல ஏறினா ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். அந்த நேரத்துக்குன்னே ஒரு புதிர் வச்சிருக்கேன்.

மூணு பேர், மூணு குல்லா, மூணு சீட்டு. சீட்டுல 1ல ஆரம்பிச்சு எந்த முழு எண்ணும் இருக்கலாம், பூஜ்யம் கூடாது. ஒரு எண் மத்த ரெண்டோட கூட்டுத்தொகை. இது மூணு பேருக்கும் தெரியும். சீட்டைக் குல்லா முன்னாடி குத்திக்கணும். அடுத்தவங்களோடதைப் பார்க்கலாம், தன்னோடதைப் பார்க்கக் கூடாது.

அக்கா சொல்றாங்க, "தெரியல." தம்பி, "தெரியல." தாத்தா, "தெரியல." மறுபடி அக்கா, "என்னோடது 35!" மத்த ரெண்டு என்ன?

சமன்பாடு எழுதாதீங்க, மாட்டிப்பீங்க. "தெரியல"தான் இங்க துப்பு.

தம்பி 14, தாத்தா 21ன்னு வச்சுப் பாருங்க. அக்காவோடது 35, இல்லன்னா 7. 7ன்னே வைப்போம். அப்போ தாத்தா பார்க்கறது 7, 14. அவரோடது 21, இல்லன்னா 7. அதுவும் 7ன்னா, தம்பி எதிர்ல 7, 7 தெரிஞ்சிருக்கும்; பூஜ்யம் கிடையாதே, "14"ன்னு உடனே சொல்லியிருப்பான். சொல்லல. அப்போ தாத்தா "21"ன்னு சொல்லியிருக்கணும். அவரும் சொல்லல. அதனால 7 போச்சு, 35தான். எவ்ளோ அழகு பாருங்க!

வேற விடை இருக்கான்னு கேட்பீங்க, கேக்கணும். இதே மாதிரி ஒவ்வொரு "தெரியல"வும் எதைக் கழிக்குதுன்னு எழுதிப் பார்த்தா, அக்கா ரெண்டாவது சுத்துல கண்டுபிடிக்கக்கூடிய விகிதம் (அக்கா:தம்பி:தாத்தா) ஆறுதான்: 3:2:1, 3:1:2, 4:3:1, 4:1:3, 5:2:3, 8:3:5. 35 வந்தா 3, 4, 8 வகுபடாது. மிச்சம் 5:2:3, அதாவது 14, 21.

நீங்களே புதிர் போடறப்போ நிறைய பேர் சறுக்கற இடம் இதுதான். அக்கா எண் 5ஆல வகுபடணும், 3ஆலயும் 4ஆலயும் வகுபடக் கூடாது. 25, 50, 55 போடுங்க. 60 போட்டா அஞ்சு விடை வரும், சண்டைதான்.

இன்னொண்ணு. யோசிக்காம அவசரத்துல "தெரியல"ன்னு ஒருத்தர் சொன்னாலும் பின்னாடி வர்றவங்க கணக்கு தப்பிடும். ஒவ்வொரு பதிலும் மூணு பேர் காதுலயும் விழணும். இந்த ரூட்ல 16 சுரங்கம் இருக்கு, உள்ள போனா கத்தல்தான். வண்டி வெளிய வந்தப்புறம் பதில் சொல்லுங்க.