கணினியின் பெயரை மாற்றிய மறுநாள் காலை

(காட்சி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலை. எடை போடும் அறை வாசலில் இலை மூட்டைகள்.)

வணக்கம். பச்சைத் தேயிலை ஏற்றிய வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. எடை அறையிலிருந்து தம்பி போனில் அழைக்கிறார்: "அண்ணா, எடையைப் பதிய முடியவில்லை. இசட் டிரைவில் சிவப்புக் குறி விழுந்திருக்கிறது." இசட் டிரைவ் என்பது, கணக்கு அறைக் கணினியில் பகிர்ந்து வைத்த கோப்புறைக்கு எடை அறை விண்டோஸ் கணினியில் கொடுத்த குறுக்கு வழி. முந்தைய நாள் மாலைதான் அந்தக் கணக்கு அறைக் கணினிக்குப் புதுப் பெயர் வைத்திருந்தார்கள். பறித்த இலை மூட்டைக்குள்ளேயே கிடந்தால் சூடேறிக் கெடும், நட்டம் விவசாயிக்கு. அதனால்தான் இந்தக் கோளாறைச் சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை.

உதகை, ஊட்டி, உதகமண்டலம் என்று எந்தப் பெயரில் எழுதினாலும், 643001 என்ற பின்கோடு இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். கணினிக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண், அதுதான் பின்கோடு. ஆனால் எடை அறைக் கணினியிடம் நாம் கொடுத்து வைத்திருந்தது பழைய பெயரை மட்டுமே. அந்தப் பெயரில் இப்போது எவரும் இல்லை.

முதலில், பெயர் மாற்றிய கணினியை மறுதொடக்கம் செய்தீர்களா? அதுவரை புதுப் பெயர் நடைமுறைக்கு வராது. கட்டளைச் சாளரத்தில் (கமாண்ட் ப்ராம்ப்ட்) 'ஹோஸ்ட்நேம்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் இப்போதைய பெயர் தெரியும்.

(காட்சி: எடை அறைக் கணினியின் திரை.)

அடுத்து, பழுது பெயரிலா, இணைப்பிலா என்று பிரித்துப் பாருங்கள். கோப்புறைச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, கணக்கு அறைக் கணினியின் ஐபி முகவரியைத் தட்டுங்கள். பகிர்ந்த கோப்புறைகள் தெரிந்தால் கேபிளும் ரவுட்டரும் நலம், பழுது பெயரில்தான். மற்றக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் 'பிங்' கட்டளையை மட்டும் நம்ப வேண்டாம். கணினியின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம்.

ஐபி முகவரியில் திறக்கிறதே, அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. மழைக்காலத்தில் நம் மலையில் மின்சாரம் போய்ப் போய் வரும். ரவுட்டர் மீண்டும் எழும்போது கணினிக்கு வேறு முகவரி கொடுத்துவிடலாம். நிலையான முகவரி ஒதுக்காதவரை அந்த வழி தாங்காது.

புதுப் பெயரைத் தட்டியும் திறக்கவில்லையென்றால், நினைவில் தங்கிய பழைய விவரத்தை அழியுங்கள். எடை அறைக் கணினியில், நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்', பிறகு 'என்பிடிஸ்டாட் -ஆர்'. இந்த 'ஆர்' ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எழுத்து போட்டால் பட்டியலைக் காட்டுமே தவிர எதையும் அழிக்காது. பெயர் மாற்றிய கணினியில், புதுப் பெயரைப் பதிய 'ஐபிகான்ஃபிக் /ரெஜிஸ்டர்டிஎன்எஸ்'. அலுவலகத்தில் எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் சர்வர் இருந்தால், அதில் பழைய பெயரின் பதிவை நீக்கச் சொல்லுங்கள்.

பெயரின் நீளத்தையும் எண்ணுங்கள். கணினிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிக்கும் பழைய முறையான நெட்பயாஸில் ஒரு பெயருக்கு 16 இடம். கடைசி இடம் சேவையின் வகைக்குப் போய்விடுவதால் நமக்கு 15 எழுத்துதான். 'கோத்தகிரி-அக்கவுண்ட்ஸ்-01' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 20 எழுத்து. பதினைந்தோடு வெட்டும்போது 'அக்கவுண்ட்ஸ்' பாதியில் நின்றுவிடும், 01 காணாமல் போய்விடும். பக்கத்து மேசையில் 02 இருந்தால் இரண்டும் ஒரே பெயராகி மோதும். எண்ணை முன்னால் வையுங்கள், பெயரைச் சுருக்குங்கள்.

இனி இசட் டிரைவ். பழைய இணைப்பைத் துண்டித்து, புதுப் பெயரில் மீண்டும் இணையுங்கள். சரியான கடவுச்சொல் கொடுத்தும் மறுத்தால், விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பயனர் பெயருக்கு முன்னால் கணினியின் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவை நீக்கிவிட்டு, புதுப் பெயரோடு பயனர் பெயரைக் கொடுங்கள்.

அந்தக் கணினி வழியாகப் பகிர்ந்த பிரிண்டரையும் நீக்கிச் சேர்க்க வேண்டும். பலர் மறப்பது பில் போடும் மென்பொருளை. அதன் அமைப்புப் பக்கத்தில் கோப்பின் பாதை பழைய பெயரிலேயே கிடக்கும். எடை அறைத் தம்பிக்கு அன்று கடைசியாக வழிவிட்டது அந்த ஒரு வரிதான்.

எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு மூட்டையை எடை போடச் சொல்லுங்கள். அந்த எடை கணக்கு அறைத் திரையில் வந்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, அடுத்த வண்டியை அழைக்கலாம்.